ஒரே தெர்மோஸ்டாட், வீடு நிறைய ஆட்கள்: குளிருக்கும் கோடைக்கும் சில குறிப்புகள்

ரொறன்ரோ, மார்க்கம், பிராம்டன் பக்கம் நம்மவர்கள் வாழும் வீடுகள் பலவும் ஒரே அமைப்பில்தான் இருக்கின்றன. பேஸ்மென்டில் காஸ் ஃபர்னஸ், வெளியே ஏசிப் பெட்டி, இரண்டையும் ஆள நடைவழிச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். அதை நாளுக்குப் பத்துத் தரம் தட்டுவதால் வீட்டில் சண்டையும் வரும், மாதக் கடைசியில் கட்டணமும் வரும். எண்களை ஒருமுறை அமைத்துவிட்டு, அந்த எண் காட்டாத விஷயங்களைக் கவனிப்பதுதான் கெட்டித்தனம்.

1. முதலில் எண்கள். குளிர்காலத்தில் எல்லோரும் விழித்து நடமாடும் நேரம் 20 அல்லது 21 பாகை, படுத்தபின் 18, வீட்டில் யாரும் இல்லாதபோது 17. கோடையில் ஆட்கள் இருக்கும்போது 24 அல்லது 25, இல்லாதபோது 27. உங்கள் பெட்டி இன்னும் பாரன்ஹீட்டில் காட்டுகிறதென்றால் குளிருக்கு 68 முதல் 70, இரவில் 64. கோடைக்கு 75 முதல் 77. இவை தொடக்கம் மட்டுமே. ஆனால் ஒன்றை வைத்தால் ஒரு கிழமையாவது அதைத் தொடாமல் விடுங்கள். யாராவது குளிர்கிறது என்றால் முதலில் அவர் காலைப் பாருங்கள். வெறுங்காலோடும் மெல்லிய ரீசேர்ட்டோடும் நிற்பவருக்காகக் காஸை எரிக்க வேண்டியதில்லை. அதன் பிறகும் குறை தீராவிட்டால் அரைப் பாகை ஏற்றலாம்.

2. நடுங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் 26க்கு ஏற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சாதாரண ஒற்றை நிலை ஃபர்னஸ் எரியும், இல்லாவிட்டால் அணையும். 21க்கு வைத்தாலும் 26க்கு வைத்தாலும் சூடு ஏறும் வேகம் ஒன்றுதான். ரைஸ் குக்கரின் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் சோறு சீக்கிரம் வெந்துவிடுமா? 26ஐ வைத்துவிட்டு மறந்தால், வீடு 26 வரை போய், கடைசியில் யாராவது யன்னலைத் திறப்பார்கள். இருநிலை ஃபர்னஸ் என்றால் எண்ணை ஒரேயடியாக ஏற்றும்போது இரண்டாம் நிலை மூண்டு சற்று விரைவாகச் சூடாகலாம். அதற்காகவும் 26 வரை போகத் தேவையில்லை. ஏசிக்கும் இதே கதைதான். 18 என்று வைத்தால் காற்று கூடுதலாகக் குளிர்ந்து வராது, இயந்திரம் கூடுதல் நேரம் ஓடும்.

3. “இரவில் இறக்கினால் காலையில் மறுபடி சூடாக்க அதைவிடக் காஸ் போகும்” என்று நன்றாகப் படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கு அப்படிப் போவதில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்துத்தான் வீடு சூட்டை இழக்கிறது. இரவு முழுக்க அந்த வித்தியாசம் குறைந்திருந்தால் இழப்பும் குறைவு. காலையில் திரும்பச் சூடாக்கச் செலவாவது, சுவரும் தளபாடமும் ஆறிய அளவுக்கான சூடு மட்டும். அவை ஆறிய நேரத்தில் ஃபர்னஸ் எரியாமல் இருந்ததால் அது ஏற்கெனவே மிச்சம் பிடித்ததுதான்.

இதை ஒட்டாவாவில் செய்தே பார்த்திருக்கிறார்கள். தேசிய ஆராய்ச்சி மன்ற வளாகத்தில் ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றை எப்போதும் 22 பாகையில் வைத்து, மற்றதை இரவில் மட்டும் 18க்கு இறக்கியபோது காஸ் செலவு சுமார் 6.5 சதவீதம் குறைந்தது. ஆட்கள் வேலைக்குப் போகும் பகல் நேரத்திலும் சேர்த்து இறக்கியபோது சுமார் 10 சதவீதம். 18ஐ 16 ஆக்கியபோது 13 சதவீதம். அந்தக் கடைசி மூன்று சதவீதத்துக்காக விடியற்காலையில் நெடுநேரம் விறைக்க வேண்டும், யன்னல் கண்ணாடியும் வேர்க்கும். என்னைக் கேட்டால் 18 போதும்.

4. மைனஸ் 20ஐத் தொடும் இரவுகளில் மட்டும் இறக்காமல் விடலாம், அல்லது ஒரு பாகையோடு நிறுத்தலாம். ரொறன்ரோ வட்டாரத்து ஃபர்னஸ்களைத் தெரிவு செய்வதே ஏறக்குறைய அந்தக் குளிரைக் கணக்கில் எடுத்துத்தான். அன்று அது ஓயாமல் ஓடினால் பழுது என்று பதறவேண்டாம். இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க அதனிடம் மிச்ச வலு இருக்காது. வானிலைச் செய்தியில் சொல்லும் காற்றுக் குளிர் எண்ணையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; அது வெளியே நிற்கும் மனிதத் தோலுக்கான கணக்கு.

5. ஹீட் பம்ப் பூட்டியவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. காலையில் மூன்று, நான்கு பாகை ஒரேயடியாக ஏறச் சொன்னால், பல அமைப்புகளில் துணைக்கு இருக்கும் மின்சூடாக்கி மூண்டுவிடும். இரவில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஒரு பாகை, மிஞ்சினால் இரண்டு இறக்குங்கள். தெர்மோஸ்டாட்டில் ‘எமர்ஜென்சி ஹீட்’ என்று ஒரு தெரிவு இருக்கும். ஹீட் பம்ப் பழுதானால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

6. ஈரப்பதம்தான் பலரும் கவனிக்காமல் விடும் பாதி. மைனஸ் 15இல் வெளியே இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை உள்ளே எடுத்து 21க்குச் சூடாக்கினால் வரண்ட காற்றுத்தான் கிடைக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியும், கதவுப்பிடியைத் தொட்டால் பொறி தட்டும். தோலில் இருந்து ஈரம் வேகமாக ஆவியாவதால் 21 பாகையிலும் குளிர்வதுபோல இருக்கும். அப்போது கை தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். போகவேண்டிய இடம் ஹியுமிடிஃபையர்.

மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் நல்லது. வெளியே மைனஸ் 10க்குக் கீழே போனால் 30ஐ ஒட்டி நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் யன்னல் ஓரங்களில் நீர் வடிந்து, பிறகு கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். யன்னல் வேர்ப்பதே போதிய எச்சரிக்கை. வீட்டில் வீணை, வயலின், மிருதங்கம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வரண்ட காற்றில் மரம் சுருங்கும், வயலின் முறுக்காணி நழுவும், தோல் இறுகிச் சுருதி மாறும். வாத்தியத்தைச் சூட்டுக்காற்று வரும் துவாரத்தின் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஃபர்னஸோடு பொருத்திய ஹியுமிடிஃபையரில் கோடை, குளிர் என்று இரண்டு நிலைக்குத் திருப்பும் சிறு தகடு இருக்கும். ஒக்டோபரில் திறந்து, மே மாதத்தில் மூடி, தண்ணீர்க் குழாயையும் அடையுங்கள். மூட மறந்தால் கோடையில் ஏசி குளிர்விக்கும் காற்றின் ஒரு பங்கு அந்த வழியாகச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

7. சூப்பர் விசாவில் வந்திருக்கும் அப்பம்மாவுக்கு 20 பாகை என்பது ஐஸ் பெட்டிதான். இதைக் கொழுப்பு, செல்லம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதானவர்களின் உடல் குறைந்த சூட்டையே உண்டாக்கும், குளிர்வதை உணர்வதும் தாமதம். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் 18 பாகையைப் பொதுவான குறைந்த எல்லையாகச் சொல்கிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. இரவில் 18க்கு இறக்கும் குறிப்பு, முதியவர் இருக்கும் வீட்டுக்கு அல்ல. 20க்குக் கீழே போகாதீர்கள்.

வீடு முழுவதையும் 24 ஆக்குவதைவிட அவருடைய அறையை மட்டும் கவனிப்பது நல்லது. எண்ணெய் நிரப்பிய மின்சூடாக்கி ஒன்று போதும். 1,500 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நேராகச் சுவர்ச் செருகியில் மாட்டுங்கள், நீட்டிப்பு வயரில் வேண்டாம். சீலையோ போர்வையோ அதன் மேல் உலரப்போடக் கூடாது.

8. கோடையில் ஆபத்து மறுபக்கம் இருந்து வரும். “நாங்கள் பார்க்காத வெயிலா” என்று ஏசியை நிறுத்திவிட்டு இருக்கும் பெரியவர்கள் உண்டு. ஊர் வீடு காற்றோட வசதியாகக் கட்டியது. இங்குள்ள வீடு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கக் கட்டியது. 2021ஆம் ஆண்டு யூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அடித்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே வீட்டுக்குள்தான் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். உள்ளே 26 வரை பொதுவாகப் பாதுகாப்பு. 31ஐத் தாண்டினால் காசு பார்க்கும் நேரம் அல்ல. ஏசி இல்லாவிட்டால் பகலில் நூலகத்துக்கோ பேரங்காடிக்கோ கூட்டிப்போங்கள்.

9. ஏசி குளிர்விப்பதோடு காற்றில் உள்ள ஈரத்தையும் பிழிந்து வடிகாலில் விடுகிறது. ரொறன்ரோக் கோடையின் புழுக்கத்துக்கு அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். ஈரம் 50 சதவீதமாக இருக்கும்போது 25 பாகை சுகம். 65ஐத் தாண்டினால் 23 பாகையிலும் பிசுபிசுக்கும். அதனால் புழுக்க நாட்களில் விசிறித் தெரிவை ‘ஒன்’இல் விடாமல் ‘ஓட்டோ’வில் வையுங்கள். ஏசி நின்ற பிறகும் விசிறி ஓடினால், சுருளில் படிந்திருக்கும் நீரை அதுவே ஆவியாக்கித் திரும்ப அறைக்குள் தள்ளும்.

மேசை விசிறியோ கூரை விசிறியோ இருந்தால் எண்ணை இரண்டு பாகை ஏற்றினாலும் அதே சுகம் கிடைக்கும். விசிறி மனிதரைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆள் வெளியேறினால் அதையும் நிறுத்துங்கள்.

10. ஏசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய குசினி வெப்பமானி போதும். ஏசி பதினைந்து நிமிடம் ஓடிய பின், காற்றை உள்ளிழுக்கும் பெரிய துவாரத்திலும், குளிர்காற்று வரும் துவாரத்திலும் அளந்து பாருங்கள். 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் குறையில்லை. வெளியே 35 அடிக்கும்போது உள்ளே 21 வரவில்லை என்றால் அதன் வலு அவ்வளவுதான். செப்புக் குழாயில் ஐஸ் படிந்திருந்தால் குளிர்விப்பை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஃபில்டரை மாற்றுங்கள். திரும்பவும் ஐஸ் பிடித்தால் ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும்.

11. இனி, மேல்மாடி கொதிக்க, பேஸ்மென்ட் விறைக்கும் கதை. சூடான காற்று மேலே ஏறும், கூரை வெயிலை வாங்கும், தெர்மோஸ்டாட்டோ நடுத்தளத்தில் நின்று நடுத்தளத்தை மட்டுமே அறியும். ஃபர்னஸில் இருந்து பிரியும் தகரக் குழாய்களில் சிறு கைப்பிடியோடு அடைப்புத் தகடுகள் இருக்கும். கைப்பிடி குழாயின் திசையில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கோடையில் பேஸ்மென்டுக்குப் போகும் குழாய்களைப் பாதி மூடி மேலே கூடுதலாக விடுங்கள், குளிர்காலத்தில் மாற்றுங்கள். எது எங்கே போகிறது என்று குழாயிலேயே மார்க்கரால் எழுதிவிட்டால் அடுத்த வருடம் தலையைச் சொறிய வேண்டியதில்லை. ஒரேயடியாகப் பல துவாரங்களை அடைத்தால் காற்றோட்டம் தடைப்பட்டு இயந்திரம் திணறும்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால் இது சுகத்தோடு நிற்காது, சட்டமும் வரும். ரொறன்ரோ நகரத்தில் குளிர் மாதங்களில் வாடகைக்காரரின் பகுதியில் 21 பாகைக்குக் குறையாமல் வீட்டுக்காரர் சூடு கொடுக்க வேண்டும். “மேலே 21 காட்டுகிறதே” என்பது பதில் ஆகாது. கீழே அளந்தால் 17 இருக்கும். தனி உணர்கருவிகள் வைத்து அளக்கும் தெர்மோஸ்டாட் இதற்கு நல்ல வழி. ரொறன்ரோவிலேயே 2007இல் தொடங்கிய எக்கோபீ நிறுவனத்தின் பெட்டிகளில் அந்த வசதி உண்டு. உணர்கருவி ஒன்றைக் கீழே வைத்துச் சராசரி எடுக்கச் சொல்லலாம். இருக்கிற தெர்மோஸ்டாட் மேலே மட்டும் இருந்தால், கீழே இருப்பவர்கள் அழைத்துச் சொன்னவுடன் மாற்றும் மனம் வேண்டும். வாடகைக்காரர்கள் பக்கம்: கையில் வெப்பமானி ஒன்று வைத்திருங்கள், திகதியோடு படம் எடுங்கள், முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரிவராவிட்டால் 311.

12. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெயில் விழும் சுவர், வாசல்கதவுப் பக்கம், குசினிச் சுவர், காற்றுத் துவாரத்துக்கு நேரெதிர் எல்லாம் பிழையான இடங்கள். அதன் கீழேயே சுவாமி மேசையை வைத்துக் குத்துவிளக்கு ஏற்றும் வீடுகளும் உண்டு. பெட்டி வீடு சூடாகிவிட்டது என்று நம்பி ஃபர்னஸை நிறுத்திவிடும், மற்ற அறைகளில் எல்லோரும் விறைப்பார்கள். மேசையை மாற்றுவது, தெர்மோஸ்டாட்டை மாற்றுவதைவிடச் சுலபம்.

13. ஃபில்டர். ஒரு அங்குலத் தடிப்புள்ளது என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சாம்பிராணியும் தாளிப்பும் நாளாந்தம் உள்ள வீடுகளில் அது சீக்கிரமே கறுக்கும். காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தை சோபாவால் மறைக்காதீர்கள்.

14. செத்தல் மிளகாய் வறுக்கும்போது யன்னலைத் திறப்பதைவிட அடுப்பு மேல் விசிறியைப் போடுங்கள். ஆனால் மணம் போனதும் நிறுத்துங்கள். மணிக்கணக்காக ஓடவிட்டால் சூடாக்கிய காற்றையெல்லாம் அதுவே வெளியே தள்ளிவிடும், அந்த இடத்துக்குக் குளிர்காற்று இடுக்குகள் வழியாக உள்ளே வரும்.

15. தோசை மாவு புளிக்கவில்லை என்று ஜனவரியில் வீட்டையே 25க்கு ஏற்றாதீர்கள். அவணை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து விடுங்கள். காலையில் பொங்கியிருக்கும். அவண் கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுங்கள். தெரியாமல் யாராவது சூடாக்கிவிடுவார்கள்.

16. ஒன்ராறியோவில் காஸுக்கு நேரத்துக்கு ஒரு விலை கிடையாது. மின்சாரத்துக்கு உண்டு. நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு மே முதல் ஒக்டோபர் வரை வேலைநாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரைதான் விலை உச்சம். ஏசி அதிகம் ஓடுவதும் அப்போதுதான். காலையில் 11க்கு முன் 23 வரை குளிரவிட்டு, திரைச்சீலைகளை இழுத்து மூடி, 11க்குப் பிறகு 26க்கு ஏற்றினால் பின்மதியம் வரை வீடு தாங்கும். வார இறுதியில் முழுநாளும் குறைந்த விலை. இரவு மிகக் குறைந்த கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு உச்ச நேரம் வேறு: வேலைநாட்களில் மாலை 4 முதல் இரவு 9 வரை. எந்தத் திட்டம் என்று கட்டணச் சீட்டில் பார்த்துவிட்டு அட்டவணையை அமையுங்கள்.

17. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சூடும் குளிரும் தானாக மாறும் ‘ஓட்டோ’ நிலையை வைத்தால், இரண்டு எண்களுக்கும் இடையே குறைந்தது மூன்று பாகை விடுங்கள். காலையில் ஃபர்னஸ், மதியம் ஏசி என்று ஒரே நாளில் இரண்டும் ஓட எந்தத் தேவையும் இல்லை. யன்னலைத் திறக்கலாம்.

18. மார்கழியில் யாழ்ப்பாணமோ சென்னையோ புறப்படுபவர்கள் ஃபர்னஸை நிறுத்திவிட்டுப் போகவே கூடாது. குழாய் உறைந்து வெடித்தால் திரும்பி வரும்போது பேஸ்மென்டில் குளம் இருக்கும். 15 அல்லது 16இல் விடுங்கள். பேஸ்மென்டில் தண்ணீர் உள்ளே வரும் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய குசினித் தொட்டியின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள்: குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீடு பூட்டியிருந்தால், யாராவது வந்து பார்த்திருக்க வேண்டும் அல்லது தண்ணீரை அடைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பயணத்துக்கு முன் தெர்மோஸ்டாட் பற்றரியைப் புதிதாக மாற்றுங்கள். அது செத்தால் ஃபர்னஸுக்குக் கட்டளை போகாது.

19. நடுநிசியில் வீடு குளிர்ந்தால் ஆளைக் கூப்பிட முன் நான்கைப் பாருங்கள்: பற்றரி, ஃபில்டர், ஃபர்னஸுக்கான சுவிட்ச், வெளிக்குழாய். அந்தச் சுவிட்ச் பேஸ்மென்ட் படி அருகே விளக்குச் சுவிட்ச் போலவே இருக்கும், பிள்ளைகள் தட்டிவிடுவார்கள். புது ஃபர்னஸ்கள் மூச்சு வாங்குவதும் விடுவதும் வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாய் வழியாக. பனி குவிந்து அடைத்தால் ஃபர்னஸ் நின்றுவிடும். பெரும் பனிப்பொழிவுக்குப் பின் வாசலை வழிக்கும்போது அந்த இடத்தையும் துப்புரவாக்குங்கள். கார்பன் மொனொக்சைட்டு அலாரம் ஒலித்தால் மட்டும் எதையும் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

20. புதுத் தெர்மோஸ்டாட் வாங்குமுன் பழையதன் மூடியைக் கழற்றி வயர்களைப் படம் எடுங்கள். ‘சி’ என்று குறித்த முனையில் வயர் இருந்தால் பெரும்பாலான ஸ்மார்ட் பெட்டிகள் சிக்கலில்லாமல் பொருந்தும். சுவரோரம் நீளமாக இருக்கும் மின்சூடாக்கிகள் உள்ள வீடுகளில் தெர்மோஸ்டாட்டில் ஓடுவது 240 வோல்ட். ஃபர்னஸுக்கான 24 வோல்ட் பெட்டியை அங்கே மாட்டக் கூடாது, அதற்கென்று தனி வகை இருக்கிறது. கழற்றிய பழைய வட்டப் பெட்டியின் உள்ளே கண்ணாடிக் குமிழில் வெள்ளி நிறத்தில் ஏதாவது ஆடினால் அது பாதரசம். குப்பைத் தொட்டியில் போடாமல், குமிழ் உடையாதபடி சுற்றி, நகரசபையின் அபாயக் கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள்.